காருக்குப் போர்வை போர்த்துறதுக்கு முன்னாடி

செமஸ்டர் முடியுற நேரம் வந்தா டெம்பியில ரெண்டு விஷயம் தவறாம நடக்கும். ஒண்ணு, வெயில் 100 டிகிரியைத் தொடும் (ஃபாரன்ஹீட்டுங்க, பதறாதீங்க). ரெண்டாவது, சம்மருக்கு ஊருக்குப் போற பசங்க ஒவ்வொருத்தரா வந்து, "அண்ணா, கார் ரெண்டரை மாசம் வெளியில நிக்கப்போகுது, எந்த கவர் வாங்கலாம்?"னு கேப்பாங்க. ஆளாளுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால ஒரே மூச்சுல இங்க எழுதி வச்சிடறேன். இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க் மட்டும்தான் :-)

அவசரத்துல இருக்கிறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். தினமும் ஓட்டுற காருக்கு, இந்த ஊர்ல, கவரே வேண்டாம். மாசக்கணக்கா அசையாம நிக்கப்போற காருக்குப் போடலாம், ஆனா கார் சுத்தமா இருக்கணும், கவர் இறுக்கமா இருக்கணும். இந்த ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும், கவர் போடாம விடுறதே காருக்கு நல்லது. "என்னது, பாதுகாப்புக்குப் போடுற கவரே காரைக் கெடுக்குமா"ன்னு கேக்குறவங்க மேல படிங்க.

என்கிட்ட இருக்கிறது ஒரு கருப்பு கரோலா. அதை ஒரு சீனியர்கிட்டேர்ந்து வாங்கினேன். திருநெல்வேலிக்காரர், எங்க எல்லாருக்கும் அண்ணாச்சி. காரைக் குழந்தை மாதிரி வச்சிருந்தார். ராத்திரி லேப்லேர்ந்து எவ்வளவு லேட்டா வந்தாலும், சாப்பிடுறதுக்கு முன்னாடி கவர் போட்டுட்டுத்தான் மேல ஏறி வருவார். காலையில எழுந்ததும் முதல் வேலை கவரை உருவி, சுருட்டி டிக்கியில போடுறது. ரெண்டு வருஷம் ஒரு நாள் தவறல. அந்த விடாமுயற்சியை தீசிஸ்ல காட்டியிருந்தா ஒரு செமஸ்டர் முன்னாடியே முடிச்சிருப்பார்னு கிண்டல் பண்ணுவோம்.

வேலை கிடைச்சு சியாட்டில் கிளம்பும்போது காரை 6,500 டாலருக்கு விளம்பரம் கொடுத்தார். சாயந்தரமா ஒரு வெள்ளைக்காரத் தாத்தா பாக்க வந்தார். எஞ்சினைத் திறக்கல, டயரை உதைக்கல. பாக்கெட்லேர்ந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டு பானெட் மேல காட்டினார். அவ்வளவுதான். சிலந்தி வலை மாதிரி பானெட் முழுக்கக் கீறல், டார்ச் போற இடமெல்லாம் வட்டம் வட்டமா மின்னுது. முன்பக்க ஃபெண்டரோட விளிம்புல, சைடு மிரர் மேல, கதவுப் பிடியைச் சுத்தி, பளபளப்பே போய் சாம்பல் பூத்த மாதிரி இருந்துது. தாத்தா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு 5,500க்குன்னா எடுத்துக்கறேன்னார். அண்ணாச்சிக்கு மனசு வரல. கடைசியில 6,000 டாலருக்கு நான் எடுத்தேன்.

"கவர் போட்ட காருலே தம்பி, எப்பிடிலே கீறல் விழும்?"னு போற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். அவருக்கு அன்னிக்கு சரியா விளக்க நேரமில்லை. இப்ப விளக்கறேன்.

நாம காரோட பெயிண்ட்னு நினைச்சுத் தொடுறது பெயிண்டே இல்லை. இரும்புத் தகடு, அதுக்கு மேல துரு பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அப்புறம் பிரைமர், அப்புறம் நிறம் தர்ற பேஸ் கோட், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத க்ளியர் கோட். இந்த க்ளியர் கோட்தான் பளபளப்பையும் தருது, வெயிலோட புற ஊதாக் கதிர்லேர்ந்து நிறத்தையும் காப்பாத்துது. அதோட தடிமன் பெரும்பாலும் 40லேர்ந்து 50 மைக்ரான். உங்க தலைமுடி சுமாரா 70 மைக்ரான் (மிச்சம் இருந்தா). அதாவது காரோட மொத்த அழகும் ஒரு முடியை விட மெல்லிசான பிளாஸ்டிக் படலத்துலதான் இருக்கு.

இப்ப பாலைவனத் தூசிக்கு வருவோம். இதுல நிறைய இருக்கிறது குவார்ட்ஸ், நம்ம ஊர் ஆத்து மணல்ல இருக்கிற அதே சமாச்சாரம். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோல்ல அதுக்கு 7. கண்ணாடியே ஐந்தரைதான். அப்ப க்ளியர் கோட் எந்த மூலைக்கு? துணி எவ்வளவு மெத்துனு இருந்தாலும், துணிக்கும் காருக்கும் நடுவுல இந்த மணல் ஒரு சிட்டிகை இருந்தா அது துணி இல்லை, உப்புத்தாள். பணம் கொடுத்து வாங்கின கவர் கீறாது. அதுக்கு அடியில மாட்டிக்கிட்ட தூசிதான் கீறும். கவர் அதைப் பிடிச்சு வச்சுத் தேய்க்கிற கை, அவ்வளவுதான்.

அண்ணாச்சி என்ன பண்ணார்? பகல் முழுக்க கார் ஓடித் தூசி படிஞ்சிருக்கும். அந்தத் தூசி மேலயே ராத்திரி கவரை இழுத்துப் போடுவார். காலையில இழுத்து எடுப்பார். ஒரு நாளைக்கு ரெண்டு இழுப்பு, வருஷத்துக்கு 730. இதுல நடுராத்திரி காத்து அடிச்சு கவர் படபடன்னு ஆடினது கணக்குல இல்லை. விளிம்புகள்லயும் மிரர் மேலயும் பளபளப்பு போனதுக்குக் காரணம் அதுதான். துணி தொய்வா தொங்குற இடத்துல பெருசா ஒண்ணும் ஆகாது. இறுகித் தொட்டுக்கிட்டு இருக்கிற முனைகள்லதான் காத்து உக்காந்து தேய்க்கும்.

(ஒரு சின்ன ஃபிசிக்ஸ் இடைவேளை. டார்ச் அடிச்சா கீறல் ஏன் வட்டமாத் தெரியுது? கீறல் உண்மையில எல்லாத் திசையிலயும் கன்னாபின்னான்னுதான் இருக்கும். ஆனா வெளிச்சத்துக்குக் குறுக்கா அமைஞ்ச கீறல் மட்டும்தான் ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அதனால விளக்கைச் சுத்தி மட்டும் வளையம் வளையமாத் தெரியும். விளக்கை நகர்த்தினா வளையமும் கூடவே நகரும். பழைய கார் வாங்கப் போறவங்க தாத்தா மாதிரி டார்ச் எடுத்துட்டுப் போங்க. மேகமூட்டத்துல பாத்தா எல்லாக் காரும் புதுக்காருதான்.)

நம்ம ஊர்லயும் இதே கதைதானே. விடியக்காலையில வீட்டு வாசல்ல ஒருத்தர் காய்ஞ்ச மஞ்சத் துணியால காரை வரக் வரக்னு துடைச்சிட்டு இருப்பார். இல்லைன்னா ஒரே பக்கெட் தண்ணி, ஒரே துணி, சக்கரத்துல ஆரம்பிச்சு அதே துணி பானெட்டுக்கு வரும். அப்புறம் வெள்ளிக் கலர் ரெக்சின் கவர் போட்டு, அடியில சணல் கயிறு கட்டி முடிச்சு. நாம பொதுவாவே உறை போடுறதுல நம்பிக்கை உள்ள ஜனங்க. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்கு பாலிதீன் உறை. எங்க வீட்டுல சூட்கேஸுக்கு உறை, அந்த உறை அழுக்காகாம இருக்க அதுக்கு மேல ஒரு பழைய வேட்டி. ரிமோட் பரவால்ல, அது ராத்திரி காத்துல ஆடாது.

சரி, அப்ப எதுக்குத்தான் கவர்? வெயிலுக்கு. இந்த ஊர் வெயில் விளையாட்டு இல்லை. 2023ல ஜூன் 30லேர்ந்து தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸ்ல பகல் வெயில் 110 டிகிரிக்குக் கீழ இறங்கவே இல்லை. கருப்பு காரோட பானெட்ல தோசை வராது, ஆனா கை வச்சா தோல் உரியும். புற ஊதாக் கதிர் வருஷக்கணக்கா அடிச்சா க்ளியர் கோட் வெளுத்து, வெடிச்சு, தோல் மாதிரி உரிஞ்சு வரும். கூரையும் டிக்கி மூடியும்தான் முதல்ல போகும், அதுங்கதான் மேல பாத்துட்டு நிக்குது. உரிய ஆரம்பிச்சா பாலிஷ் எல்லாம் வேலைக்கு ஆகாது, திரும்ப பெயிண்ட்தான். அப்புறம் பறவை எச்சம். சூடான பெயிண்ட் மேல அது ரெண்டு நாள் உக்காந்தாலே அச்சு விழுந்துடும். ஓட்டுற காருன்னா உடனே பாத்துத் துடைக்கலாம். ஊருக்குப் போயிட்டா யார் துடைப்பா? ரெண்டரை மாசம் சும்மா நிக்கிற காருக்கு கவர் நியாயமான விஷயம்தான்னு நான் சொல்றது இதனாலதான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. உங்க அபார்ட்மெண்ட்ல கூரை போட்ட பார்க்கிங் காலியா இருந்தா அதை எடுங்க. எங்க பக்கம் மாசம் 35 டாலர். மூணு மாசத்துக்கு 105. ஒரு நல்ல கவரே கிட்டத்தட்ட அந்த விலைதான். கூரை காரைத் தொடாது, ஆடாது, கீறாது. அதை விட நல்ல கவர் உலகத்துல கிடையாது. எங்க காம்ப்ளெக்ஸ்ல இடம் இல்லைன்னு கை விரிச்சுட்டாங்க, அதனால இந்த சம்மர் நானும் கவர் கட்சி.

எனக்கு இது கொஞ்சம் வயித்தைக் கலக்குற விஷயமும்கூட. வாங்கினப்புறம் ஒருத்தர்கிட்ட கொடுத்து மெஷின் பாலிஷ் போட்டேன். முக்கால்வாசி கீறல் போயிடுச்சு, கார் கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. ஆனா பாலிஷ்னா என்ன? கீறலை நிரப்புறது இல்லை, கீறலைச் சுத்தியிருக்கிற க்ளியர் கோட்டையே சில மைக்ரான் சீவி மட்டம் பண்றது. இருக்கிறதே 40, 50 மைக்ரான். அதுல எத்தனை தடவை சீவ முடியும்? பாலிஷ் போட்டவர் தடிமன் அளக்கிற மீட்டரை வச்சுப் பாத்துட்டு, "இனிமே இதை அடிக்கடி தொடாதே"ன்னு சொல்லித்தான் அனுப்பினார். டிசம்பர்ல படிப்பு முடியுது, காரை விக்கணும். அந்தப் பணத்துலதான் அக்காகிட்ட வாங்கின கடனைத் திருப்பணும். ஆகஸ்ட்ல வந்து கவரைத் தூக்கிப் பாக்கும்போது திரும்ப சிலந்தி வலை இருக்கக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

கவர் வாங்கும்போது என்ன பாக்கணும்? ஐந்து அடுக்கு, ஏழு அடுக்குன்னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க. பரோட்டாவுக்குத்தான் அடுக்கு கணக்கு. கையில தொட்டுப் பாருங்க. குளியலறை திரை மாதிரி வழவழன்னு பிளாஸ்டிக்கா இருந்தா அப்படியே வச்சிட்டு வந்துடுங்க. அது தண்ணியை உள்ள விடாது, சரி. உள்ள இருக்கிற ஈரத்தையும் வெளிய விடாது. நம்ம அரிசோனாவுல ஏது ஈரம்னு கேக்காதீங்க, ஜூலை ஆகஸ்ட் மழைக்காலத்துல வந்து பாருங்க. கீழேர்ந்து ஏறுற ஈரமும் வெயில் சூடும் சேர்ந்து காருக்கு இட்லிப் பானை எஃபெக்ட் கொடுக்கும். க்ளியர் கோட் மங்கும், சில சமயம் கொப்புளம்கூட வரும். ஆவி வெளியேறுற மாதிரி, மூச்சு விடுற துணியா இருக்கணும். துணியில வாயை வச்சு ஊதிப் பாருங்க. காத்து கொஞ்சமாவது அந்தப் பக்கம் போனா ஓரளவு நம்பலாம். கடையில மத்தவங்க பாக்குறதைப் பத்திக் கவலைப்படாதீங்க.

உள்பக்கம் மென்மையா இருக்கான்னு பாக்க ஒரு பழைய டெக்னிக் இருக்கு. ஒரு சிடியோட மினுமினுப்பான பக்கத்துல அந்தத் துணியைத் தேய்ச்சுப் பாக்கணும். சிடியில கோடு விழுந்தா கார்லயும் விழும். இப்பல்லாம் சிடிக்கு எங்க போறதுன்னா, என் ரூம்மேட் ஊர்லேர்ந்து கொண்டு வந்த சாமி பாட்டு சிடி இருக்கு, போடத்தான் மெஷின் இல்லை. (அதை நான் தேய்க்கல, பாவம் சேரும்.)

எல்லாத்தையும் விட முக்கியம் அளவு. "எல்லாக் காருக்கும் பொருந்தும்"னு போட்டிருக்கிறது எந்தக் காருக்கும் பொருந்தாது. தொளதொளன்னு இருந்தா காத்துல பாய்மரம் மாதிரி உப்பி உப்பி அடிக்கும், ராத்திரி முழுக்க அதுவே உப்புத்தாள் வேலை பார்க்கும். உங்க கார் மாடலுக்கே தைச்சது, மிரருக்குப் பை வச்சது, அடியில எலாஸ்டிக் வச்சது, வயித்துக்குக் கீழ போட்டு இறுக்குற பட்டை உள்ளது, இப்படிப் பாத்து வாங்குங்க. மலிவான பாலிப்ரொப்பிலீன் கவர் இந்த வெயில்ல ரெண்டு சம்மர் தாங்கினா பெருசு. அப்புறம் அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்தத் தூளும் கார் மேலதான் விழும்.

இப்ப போடுற வேலை. முதல் நாள் காரைக் கழுவணும், இதுல சமரசமே கிடையாது. ரோலர் பிரஷ் சுத்துற ஆட்டோமேட்டிக் கார் வாஷுக்குப் போகாதீங்க. காசு போட்டு நாமளே கழுவுற இடத்துல பிரஷர் தண்ணி அடிச்சு மணலை முதல்ல இறக்குங்க. அங்க நுரை வர்ற பிரஷ் ஒண்ணு மாட்டியிருப்பாங்க, அதைக் கையாலகூடத் தொடாதீங்க. நமக்கு முன்னாடி யாரோ பாலைவனத்துல ஓட்டிட்டு வந்த டிரக்கை அதால தேய்ச்சிருப்பாங்க, அந்தச் சேறு இன்னும் அதுல இருக்கும். ரெண்டு பக்கெட், ஒண்ணுல சோப்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் துணியை ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் சோப்புல முக்கணும். மேலேர்ந்து கீழே. சக்கரம் கடைசியில, அதுக்குத் தனித் துணி.

அபார்ட்மெண்ட்ல ஹோஸ் பைப் இல்லாதவங்களுக்கு ரின்ஸ்லெஸ் வாஷ்னு ஒரு திரவம் கிடைக்குது. ரெண்டு கேலன் தண்ணியில ஒரு அவுன்ஸ் ஊத்தினா போதும், கழுவி ஊத்தவே வேண்டாம். ஆறேழு மைக்ரோஃபைபர் துணியை அதுல ஊறப்போட்டு, ஒரு துணியோட ஒரு பக்கத்தால ஒரே இழுப்பு, அப்புறம் பக்கம் மாத்து. அழுக்கான துணி திரும்ப பக்கெட்டுக்குள்ள போகக்கூடாது. கனமா மண் படிஞ்ச காருக்கு இது ஆகாது, லேசான தூசிக்குத்தான்.

கழுவினதும் நல்லாத் துடைச்சு, காய வச்சு, ஒரு கோட் வாக்ஸ் போடுங்க. கதவு இடுக்கு, மிரர் அடியில இருக்கிற தண்ணி முழுசாக் காயணும். எஞ்சினும் சைலன்சரும் ஆறணும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் பக்கத்துல உருகிடும், ஓடி வந்த உடனே சைலன்சர் முனையில போட்டா ஒட்டிக்கும். புதுசா பெயிண்ட் அடிச்ச காருன்னா கவர் பக்கமே போகாதீங்க. பெயிண்ட்லேர்ந்து கரைப்பான் ஆவியாகி முடியவே வாரக்கணக்கு ஆகும், பெயிண்ட் அடிச்சவர் சரின்னு சொல்ற வரைக்கும் காத்திருக்கணும்.

கவரைக் கார் மேல தூக்கி வீசி இழுக்கிறதுதான் எல்லாரும் பண்றது. அது வேண்டாம். சுருட்டி வச்ச கவரை கூரை நடுவுல வைங்க. முன்னாடி பாதி, பின்னாடி பாதி உருட்டி விரிங்க. அப்புறம் பக்கவாட்டுல மடிப்பைப் பிரிச்சு இறக்குங்க. துணி கார் மேல இறங்கணும், நகரக்கூடாது. ரெண்டு பேர் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை, தனியாப் பண்ணா வாழ்க்கை வெறுத்துடும். எது முன்பக்கம்னு உள்ள மார்க்கர்ல எழுதி வச்சிடுங்க. இல்லைன்னா தலைமாத்திப் போட்டுட்டு கார் மேலயே சுத்த வேண்டி வரும், அந்தச் சுத்துதான் கீறல். ஆண்டெனா இருந்தா கழட்டிடுங்க. கீழ பட்டையை இறுக்குங்க.

இடத்தையும் பாருங்க. புல்வெளி ஓரமா ஸ்பிரிங்க்ளர் அடிக்கிற இடத்துல நிறுத்தாதீங்க. இந்த ஊர்த் தண்ணி அவ்வளவு உப்பு, காஞ்சா வெள்ளை வெள்ளையாத் திட்டு நிக்கும். அப்புறம் லீஸை ஒரு தடவை படிங்க. சில அபார்ட்மெண்ட்ல கார் கவருக்கே அனுமதி கிடையாது, சில இடத்துல நம்பர் பிளேட் தெரியணும்பாங்க. ஊர்லேர்ந்து வந்து பாத்தா கவரும் இல்லை காரும் இல்லைன்னு ஆகக்கூடாது. டோ பண்றவனுக்கு மூடி வச்ச கார்னா ஆள் இல்லைன்னு அர்த்தம்.

இன்னொரு முக்கியமான விஷயம். "மச்சி, வாரம் ஒரு தடவை கவரை எடுத்துக் காரை ஸ்டார்ட் பண்ணிடு"ன்னு நண்பர்கிட்ட சாவி கொடுத்துட்டுப் போவாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 30 வரைக்கும் இங்க மழைக்காலம்னு கணக்கு, மழைக்கு முன்னாடி ஹபூப்னு புழுதிப்புயல் வரும். 2011 ஜூலை 5ல வந்தது ஊரையே முழுங்கிச்சு, 5,000 அடி உயரத்துக்குப் புழுதிச் சுவர். யூட்யூப்ல பாருங்க, வயித்தைப் புரட்டும். எவ்வளவு இறுக்கமான கவரா இருந்தாலும் அந்த மாவு மாதிரிப் புழுதி சக்கரப் பக்கமா உள்ள ஏறத்தான் செய்யும். சுத்தமாக் கழுவிப் போட்ட காரும் ஜூலைக்கு அப்புறம் சுத்தமான கார் இல்லை. அதுக்கு மேல கவரை வாரம் ஒரு தடவை இழுத்து இழுத்துப் போட்டா அண்ணாச்சி கதைதான். நான் பாட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டிட்டுப் போறேன். ரூம்மேட்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: புயல் அடிச்ச மறுநாள் கீழ இறங்கி, பட்டை அவிழ்ந்திருக்கான்னு மட்டும் பாரு, கவரைத் தொடாதே. அவனுக்கும் அது வசதியாத்தான் இருக்கு.

திரும்பி வந்ததும் ஆசையில கவரைச் சர்ருனு உருவாதீங்க. வெளிப்பக்கம் ரெண்டரை மாசப் புழுதி இருக்கும். ஹோஸ் இருந்தா மென்மையாத் தண்ணி விட்டு மேல் மண்ணை இறக்குங்க. இறக்குறதோட சரி. கார் மேல கவர் இருக்கும்போதே பிரஷ் போட்டுத் தேய்க்கிறவங்களைப் பாத்திருக்கேன், அது காரையே தேய்க்கிறதுக்குச் சமம். காய விட்டு, ரெண்டு பக்கத்தையும் கூரை நடுவுக்கு மடிச்சு, முன்னாடிலேர்ந்து பின்னாடிக்குப் பாய் மாதிரி சுருட்டுங்க. அப்பத்தான் வெளிப்பக்க அழுக்கு உள்பக்கத்துல படாது. உள்பக்கம் தரையில படவே கூடாது. பட்டுடுச்சுன்னா துவைக்காம திரும்பப் போடாதீங்க.

துவைக்கிறதுக்கு முன்னாடி லேபிளைப் பாருங்க, சில கவரை மெஷின்ல போடக்கூடாதுன்னு போட்டிருக்கும். போடலாம்னா லாண்ட்ரோமேட்ல இருக்கிறதுலயே பெரிய, முன்பக்கம் திறக்கிற மெஷின். நடுவுல கம்பம் சுத்துற மெஷின்ல போட்டா தையல் கிழியும். பச்சைத் தண்ணி, கொஞ்சமா மைல்டு டிடர்ஜெண்ட், அலசல் ரெண்டு தடவை. சோப்பு மிச்சம் இருந்தா அடுத்த மழையில அது கார் மேல இறங்கும். ஃபேப்ரிக் சாஃப்ட்னர் கூடவே கூடாது. வாசனைக்கு ஆசைப்பட்டு ஊத்தினா துணியோட நுண்துளையெல்லாம் அடைச்சு மூச்சு விடாது, தண்ணியை உதறுற தன்மையும் போயிடும். பிளீச்சும் வேண்டாம். பறவை எச்சம் இருந்தா மெஷின்ல போடுறதுக்கு முன்னாடி சோப்புத் தண்ணியில ஊற வச்சு, மென்மையான துணியால எடுங்க. மெஷின்ல போடக்கூடாத கவரை வேலியிலயோ கைப்பிடிச் சுவர்லயோ தொங்கவிட்டு ரெண்டு பக்கமும் தண்ணி அடிங்க, தரையில விரிச்சு இல்லை.

டிரையர் சூடு ஆகாது, சுருங்கிடும், எலாஸ்டிக்கும் போயிடும். நம்ம ஊர் வெயில்ல பால்கனியில போட்டா அரைமணி நேரத்துல காஞ்சிடும். ஆனா எங்க அபார்ட்மெண்ட்ல பால்கனியில துணி காயப்போடக்கூடாதுன்னு சட்டம். போன தடவை ஒரு வேட்டியைப் போட்டதுக்கே ஆபீஸ்லேர்ந்து போட்டோவோட மெயில் வந்துது. 15 அடி நீளத்துக்கு சாம்பல் கலர்ல ஒரு கவர் தொங்கினா என்ன அனுப்புவாங்கன்னு ஆகஸ்ட்ல சொல்றேன்.